போரானும் நம் தண்ணீரும்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை ஊர்களிலிருந்தும், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளிலிருந்தும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையோ மண்வள அட்டையையோ கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் போரான் என்கிற வரிக்கு என்ன பொருள்?" என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

போரான்னா என்னங்க? வெங்காரமும் அதுவும் ஒண்ணா?

போரான் ஒரு தனிமம். இயற்கையில் அது தனித்துக் கிடைப்பதில்லை. எப்போதும் ஆக்சிஜனோடு சேர்ந்தே இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம் (போராக்ஸ்) என்பது சோடியமும் போரானும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த உப்பு. கேரம் பலகையில் தூவும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் போரிக் அமிலம். இரண்டிலும் இருப்பது போரான்தான் என்றாலும் அளவு வேறு: 100 கிராம் வெங்காரத்தில் சுமார் 11 கிராம் போரானும், 100 கிராம் போரிக் அமிலத்தில் சுமார் 17 கிராம் போரானும் உள்ளன. உரம் வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். அதைத் தென்னை பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

இது எதுக்கெல்லாம் பயன்படுது? நம்ம பக்கத்துல யாராவது பயன்படுத்துறாங்களா?

தங்க நகைப் பட்டறையில் பற்றவைக்கும்போது வைக்கும் வெங்காரம்தான் நம் ஊரில் மிகப் பழைய பயன்பாடு. சூட்டில் உருகி, உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடைக் கரைத்து, பற்று ஓட வழிவிடுவதே அதன் வேலை. திபெத்திலிருந்தும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் மலைப்பாதைகள் வழியாக வெங்காரம் நெடுங்காலமாக இந்தியாவுக்கு வந்தது. இன்று உலகின் போரான் கனிமத்தில் மிகப் பெரிய இருப்பு துருக்கியில் உள்ளது. அடுத்த பெரிய சுரங்கம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், போரான் என்றே பெயர் கொண்ட ஊரில் இருக்கிறது. இந்தியா தன் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறது.

தொழிற்சாலை அளவில் பார்த்தால் போரானைப் பெருமளவு உண்பது கண்ணாடித் தொழில். சூட்டில் விரிசல் விடாத ஆய்வகக் கண்ணாடியில் சுமார் 13 சதவீதம் போரான் ஆக்சைடு இருக்கும். கண்ணாடி இழை, பீங்கான் மற்றும் ஓடுகளின் மெருகுப் பூச்சு, மரத்தைக் கரையானிலிருந்து காக்கும் கரைசல், கரப்பான் மருந்து, அணு உலையில் நியூட்ரானை உறிஞ்சும் தண்டுகள், காற்றாலை மற்றும் மின்வாகன மோட்டார்களின் வலிமையான காந்தங்கள் என்று பட்டியல் நீளும். ஐரோப்பிய நாடுகளில் சலவைத்தூளில் வெளுப்புப் பொருளாகப் போரான் சேர்மம் கலக்கப்பட்டதால், அங்கே சாக்கடை நீரிலும் ஆற்றிலும் அதன் அளவு உயர்ந்திருந்தது.

சரி, பட்டறையோ தொழிற்சாலையோ இல்லாத எங்க ஊர்க் கிணத்துக்கு அது எப்படி வரும்?

நகைப் பட்டறைகளால் நிலத்தடி நீர் கெடும் என்று அஞ்சத் தேவையில்லை. அங்கே செலவாகும் அளவு மிகச் சிறியது. படுகையில் கவனிக்க வேண்டிய முதல் மூலம் கடல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் போரான் இருக்கிறது. உப்பு குறைந்த ஆற்று நீரில் அதில் நூற்றில் ஒரு பங்கு கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உள்ளே நகர்கிறது. இறால் குட்டைகளில் தேங்கும் கடல்நீரும், உப்பளத்தில் உப்பு எடுத்த பின் எஞ்சும் கசப்பு நீரும் பக்கத்து நிலத்தில் கசிந்தால் அதே வேலையைச் செய்யும். உப்புப் படிகம் போரானைத் தன்னோடு அதிகம் எடுத்துச் செல்லாது என்பதால் அந்தக் கசப்பு நீரில் போரான் செறிந்து நிற்கும்.

இரண்டாவது மூலம் மண்ணே. நம் படுகையின் கிழக்குப் பகுதி ஒரு காலத்தில் கடலும் உப்பங்கழியுமாக இருந்த இடம். அப்போது படிந்த களிமண் போரானைத் தன் மேல் பிடித்து வைத்திருக்கும். பிறகு நல்ல நீர் அதன் ஊடே வரும்போது சிறிது சிறிதாக விடும். மூன்றாவது, வீட்டுக் கழிவுநீரும் அளவு தெரியாமல் போடும் போரான் உரமும். எரிமலையும் வெந்நீர் ஊற்றும் உள்ள நாடுகளில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே போரான் மிகுந்திருக்கும். காவிரிப் படுகைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

தண்ணி உப்புக் கரிச்சா போரானும் அதிகம்னு அர்த்தம்தானே?

இல்லை. அதிகம் பேர் தவறாக எடுத்துக்கொள்வது இதைத்தான் என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடும் (உப்பின் ஒரு கூறு) 4.5 மில்லிகிராம் போரானும் உள்ளன. உங்கள் கிணற்றில் குளோரைடு 1,000 என்று அறிக்கை சொன்னால், அது முழுக்கக் கடலிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், கிணற்றில் கலந்த கடல்நீர் சுமார் 5 சதவீதம். அதோடு வந்த போரான் சுமார் 0.24 மில்லிகிராம் மட்டுமே. குளோரைடு 1,000 என்பது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் வேறு வழியில்லாதபோது பொறுக்கும் உச்ச அளவு. ஆகவே கடல்நீர் கலப்பு மட்டும் காரணமாக இருந்தால், போரான் தொல்லை தருவதற்கு வெகு முன்பே உப்பு அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாததாக்கிவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியமானது. குளோரைடு 300, போரான் 1.5 என்று ஓர் அறிக்கை வந்தால் அந்தப் போரான் இன்றைய கடலிலிருந்து வந்திருக்க முடியாது. பழைய கடல்களிமண், கழிவுநீர், உரம், அனல் மின் நிலையச் சாம்பல் இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். வாயில் வைத்தால் நல்ல தண்ணீர், ஆனால் பயிரின் இலை கருகுகிறது என்கிற நிலை இப்படித்தான் வருகிறது. போரிக் அமிலத்துக்கு இந்த அளவுகளில் சுவையோ மணமோ நிறமோ கிடையாது.

என்கிட்ட டி.டி.எஸ். மீட்டர் இருக்கு. அதுல தெரியாதா?

தெரியாது. அந்தக் கருவி தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணிக்கிறது. நம் கிணற்று நீரின் வழக்கமான கார அமில நிலையில் (பி.எச். 7 முதல் 8 வரை) போரான் பெரும்பாலும் மின்னேற்றமற்ற போரிக் அமிலமாகவே கரைந்திருப்பதால் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மீட்டர் 200 காட்டினாலும் 2,000 காட்டினாலும் போரானைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

ஒரு அறிக்கையில 0.5 தான் அளவுன்னு இருக்கு, இன்னொண்ணுல 2.4ன்னு இருக்கு. எது சரி?

இரண்டும் வெவ்வேறு அமைப்புகளின் எண்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 0.5 மில்லிகிராமையும், மாற்று நீர் இல்லாதபோது பொறுக்கத்தக்க அளவாக 1.0 மில்லிகிராமையும் வைத்தது. உலகச் சுகாதார அமைப்பு 1993-இல் 0.3 என்றும், 1998-இல் 0.5 என்றும், 2011-இல் வந்த நான்காம் பதிப்பில் 2.4 என்றும் தன் வழிகாட்டு அளவை மாற்றிக்கொண்டது. விலங்குகளில் செய்த ஆய்வுகளின் தரவுகள் மறுமதிப்பீடு செய்யப்பட்டதும், கடல்நீரைக் குடிநீராக்கும் நாடுகளால் 0.5-ஐ எட்டுவது கடினமாக இருந்ததும் அந்த மாற்றத்தின் பின்னணி.

குடிநீருக்கு 1.0-க்குக் கீழே இருந்தால் பதற வேண்டாம் என்பதே என் கருத்து. 1.0-க்கும் 2.4-க்கும் இடையில் இருந்தால் வேறு கிணற்று நீரோ கூட்டுக் குடிநீரோ கிடைக்கும்போது அதற்கு மாறுவது நல்லது. குறிப்பாகக் கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் மாற்றைத் தள்ளிப்போடக் கூடாது. 2.4-ஐத் தாண்டினால் குடிக்கவோ சமைக்கவோ அந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம்.

உடம்புக்கு அப்படி என்ன பண்ணும்?

பயறு, பருப்பு, கொட்டைகள், பழங்கள் வழியாக நாம் நாள்தோறும் 1 முதல் 3 மில்லிகிராம் வரை போரானை உண்டுகொண்டுதான் இருக்கிறோம். உடலில் அது தங்குவதில்லை. பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. எலிகளுக்கு மிக அதிக அளவு தொடர்ந்து கொடுத்தபோது ஆண் எலிகளின் விந்தகம் பாதிக்கப்பட்டதும், கருவிலிருந்த குட்டிகளின் எடை குறைந்ததும் காணப்பட்டன. குடிநீர் அளவுகள் அந்த ஆய்வுகளிலிருந்து பெரிய பாதுகாப்பு இடைவெளி விட்டு வகுக்கப்பட்டவை.

கிணற்று நீரைவிட வீட்டுக்குள் இருக்கும் பொடியைக் குறித்தே நான் அதிகம் கவலைப்படுகிறேன். கேரம் பொடியையும் கரப்பானுக்கு வைக்கும் போரிக் உருண்டையையும் சிறு குழந்தை வாயில் போட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் சிவந்து உரிதல் என்று கடுமையாகப் பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெங்காரத்தைச் சித்த மருத்துவத்தில் பொரித்துச் சுத்தி செய்தே சேர்ப்பார்கள். கடையில் வாங்கியதை யாரோ சொன்னார்கள் என்று உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

கொதிக்க வெச்சா போயிடுமா? வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருக்கு, அது போதாதா?

கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், போரான் பாத்திரத்திலேயே தங்கும். சுண்டச் சுண்டச் செறிவு கூடும். மண்பானை, தேற்றாங்கொட்டை, படிகாரம், மணல் வடிகட்டி, கரி வடிகட்டி எதுவும் இதற்குப் பயன்படாது.

ஆர்.ஓ. சவ்வு மின்னேற்றமுள்ள உப்புகளை நன்றாகத் தடுக்கிறது; மின்னேற்றமற்ற, சிறிய போரிக் அமில மூலக்கூற்றை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஆகவே டி.டி.எஸ். 1,500-லிருந்து 80-க்கு இறங்கிவிட்டது என்பதால் போரானும் அதே விகிதத்தில் இறங்கியிருக்கும் என்று நம்பக் கூடாது. வீட்டுக் கருவியில் பாதியளவு கடந்துவிடுவதும் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகளில் நீரின் பி.எச். அளவை உயர்த்தி, போரிக் அமிலத்தை மின்னேற்றமுள்ள போரேட்டாக மாற்றி, இரண்டாம் முறை சவ்வில் செலுத்துவார்கள். அல்லது போரானை மட்டும் பிடிக்கும் தனிப் பிசின் வைப்பார்கள். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: கருவிக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

பாசனத்துக்கு எவ்வளவு தாங்கும்? நெல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்களே?

நெல் ஓரளவு தாங்கும். பாசன நீரில் 2 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் நெல்லிலும் நஞ்சுத்தன்மை தெரியும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பாசனத்துக்கான நீர் வகுப்பில் போரானுக்கு வைத்த உச்சமும் 2 மில்லிகிராம்தான். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் 1985-ஆம் ஆண்டு வழிகாட்டி 0.7-க்குக் கீழே தடையில்லை, 0.7 முதல் 3.0 வரை கவனம் தேவை, அதற்கு மேல் கடும் தடை என்று பிரிக்கிறது.

ஆனால் நம் வயலில் நெல் மட்டும் விளைவதில்லையே. சம்பாவோ தாளடியோ அறுக்கும் முன் ஈரத்தில் தெளிக்கும் பச்சைப் பயறும், கோடையில் போடும் எள்ளும் நிலக்கடலையும், அதே வழிகாட்டியின்படி, வேர்ப்பகுதி நீரில் 0.75 முதல் 1.0 மில்லிகிராம் வரை மட்டுமே தாங்கும் பயிர்கள். உளுந்துக்கும் அதே எச்சரிக்கையோடு நடந்துகொள்வதே நல்லது. வெங்காயமும் எலுமிச்சையும் இவற்றைவிட மென்மையானவை. மாறாக, தக்காளி 4 முதல் 6 வரையும், நெல் தரிசுப் பருத்தி 6-க்கு மேலும் தாங்கும். இவை வேர்ப்பகுதியின் ஈரத்திலுள்ள அளவுகள் என்பதை மறக்க வேண்டாம்: கோடையில் போர்வெல் நீர் பாய்ச்சப் பாய்ச்ச, நீர் ஆவியாகி, மண் ஈரத்தில் செறிவு பாசன நீரைவிடக் கூடிக்கொண்டே போகும். 0.8 மில்லிகிராம் உள்ள போர்வெல்லை நம்பிக் கோடைப் பயறு போடுவதைவிடப் பருத்திக்குப் போவதே அறிவுடைமை என்று நான் சொல்வேன்.

இலை நுனி கருகுது. உப்பா, போரானா, இல்ல சத்துக் குறையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எந்த இலை என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பயிர்களில் போரான் வேரிலிருந்து நீரோட்டத்தோடு மேலேறி, நீர் ஆவியாகும் இடமான இலை நுனியிலும் விளிம்பிலும் தங்கிவிடுகிறது. அங்கிருந்து வேறு இடத்துக்கு நகர்வதில்லை. எனவே மிகுதி என்றால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில், நுனியிலிருந்து தொடங்கி விளிம்பு வழியாக மஞ்சளும் பழுப்பும் உள்நோக்கி வரும். நடுநரம்பை ஒட்டிய பகுதி கடைசி வரை பச்சையாக இருக்கும். நெல்லில் முதிர்ந்த இலைகளின் நுனி வெளிறி, பிறகு நீள்வட்டப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பற்றாக்குறை இதற்கு நேர்மாறாகப் புதிய குருத்திலும் பூவிலும் தெரியும்.

உப்புக் கருகலும் முதிர்ந்த இலையிலேயே தொடங்குவதால் கண்ணால் மட்டும் இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். வயலில் மேட்டுப்பகுதியில் வெள்ளைப் பூப்பு பூத்து, பயிர் குட்டையாகித் திட்டுத்திட்டாகக் காய்ந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். மின்கடத்துத் திறன் குறைவாக இருந்தும் விளிம்பு கருகினால் போரானுக்குப் பரிசோதனை கொடுங்கள்.

மண்வள அட்டையில போரான் குறைவுன்னு வந்திருக்கு. தென்னைக்குப் போராக்ஸ் போடச் சொல்றாங்க, போடலாமா?

அட்டையில் உள்ள 12 அளவீடுகளில் போரானும் ஒன்று. வெந்நீரில் கரையும் போரான் ஒரு கிலோ மண்ணுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைவு என்று கொள்வார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மணற்பாங்கான தோப்புகளில் மழை அதை எளிதில் அடித்துச் சென்றுவிடும். தோப்புக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள்: குருத்தோலை விரியாமல், ஈர்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, நுனி கொக்கிபோல் மடங்கி, புதிய மட்டைகள் குட்டையாகி, குரும்பை பிடிக்காமல் கொட்டினால் அது போரான் பற்றாக்குறையின் தெளிவான முகம். 1923-இல் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் அவரையினப் பயிரில் நிறுவியதுபோல், போரான் இல்லாமல் செடி வளராது. செல் சுவரைக் கட்டுவதற்கு அது வேண்டும்.

ஆகவே போடலாம், ஆனால் அளவு கிராமில் இருக்க வேண்டும். மரத்துக்குச் சில பத்து கிராம் வெங்காரம் என்ற கணக்கைப் பிடி கணக்காக மாற்றினால், இந்த ஆண்டின் பற்றாக்குறை அடுத்த ஆண்டின் நஞ்சாகிவிடும். போரானில் போதுமான அளவுக்கும் மிகுதிக்கும் உள்ள இடைவெளி மற்ற சத்துகளைவிடக் குறுகலானது. வெங்காரத்துக்குச் சொன்ன அளவில் 20 சதவீதம் போரான் உள்ள கடைச் சரக்கைப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போட்டதாகும். பையில் உள்ள போரான் சதவீதத்தைப் பார்த்தே நிறுக்க வேண்டும். உங்கள் தோப்புக்கான அளவை வேளாண் அலுவலரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அட்டையைப் பார்க்காமல் ஆண்டுதோறும் நுண்ணூட்டக் கலவை கொட்டும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை.

தண்ணியில அதிகம்னு வருது, மண்ணுல குறைவுன்னு வருது. ரெண்டுல ஒண்ணு தப்பா?

இரண்டும் சரியாக இருக்கலாம். மண் மாதிரி மழைக்குப் பின் எடுத்ததாகவும், தண்ணீர் மாதிரி கோடையில் எடுத்ததாகவும் இருந்தால் இப்படி வரும். அந்தப் போர்வெல்லால் பாசனம் செய்யாத வயலின் மண்ணாக இருந்தாலும் வரும். சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் கூடிய களிமண் போரானை இறுகப் பிடித்துக்கொள்வதும் ஒரு காரணம். அப்படி வந்தால் போரான் உரம் போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு பருவம் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய பின் மண்ணை மீண்டும் பரிசோதியுங்கள். பற்றாக்குறையைத் தண்ணீரே தீர்த்திருக்கும்.

மேட்டூர் தண்ணி வந்தா வயல்ல உள்ள போரான் கழுவிப் போயிடும்ல?

போகும், ஆனால் உப்பு போகும் வேகத்தில் போகாது. களிமண் பிடித்து வைத்துக்கொள்வதால், உப்பைக் கழுவத் தேவைப்படும் நீரைப்போல் சுமார் மூன்று மடங்கு நீர் போரானைக் கழுவத் தேவைப்படும். ஒரு மழைக்குப் பின் மின்கடத்துத் திறன் இறங்கிவிட்டது என்று பயறு தெளித்து, பிறகு கருகலைப் பார்ப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

கட்டி நிறுத்திய நீர் கீழிறங்கி வெளியேற வழி வேண்டும். கடைமடையில் வடிகால் தூர்ந்து கிடந்தால் எத்தனை முறை நீர் கட்டினாலும் போரான் அங்கேயே சுற்றும். வாய்க்காலுக்குக் காட்டும் அக்கறையை வடிகாலுக்கும் காட்டியாக வேண்டும். ஜிப்சம் போரானை நேரடியாக நீக்காது. களர் மண்ணின் இறுக்கத்தை உடைத்து நீர் இறங்க வழிசெய்வதால் மறைமுகமாக உதவும்.

அனல் மின் நிலையச் சாம்பலை வயல்ல போட்டா மண் பொலபொலன்னு ஆகும்கிறாங்களே?

ஆகும். ஆனால் நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் உள்ள போரானில் கணிசமான பங்கு நீரில் எளிதாகக் கரையக்கூடியது. புதிய சாம்பலை அதிகம் இட்ட நிலங்களில் பயிர் கருகியதற்குப் போரான் காரணம் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. பல ஆண்டுகள் மழையில் கிடந்த சாம்பலில் இது குறைந்திருக்கும். பரிசோதனை இல்லாமல் பயறு வயலிலும் கிணற்றடியிலும் போட வேண்டாம். சாம்பல் செங்கல்லில் அது பெரும்பாலும் கட்டுண்டு இருப்பதால் வீடு கட்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மஞ்சளை வெச்சு வீட்டிலேயே பார்க்கலாம்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா?

பாதி உண்மை. ஆய்வகத்தில் பின்பற்றும் முறைகளில் ஒன்று மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொண்டு செய்வதுதான்: நீரை அமிலத்தோடும் குர்குமினோடும் சேர்த்து வற்றவைத்தால் போரான் செந்நிறச் சேர்மமாகும், அதை ஆல்கஹாலில் கரைத்து நிறத்தின் அடர்த்தியைக் கருவியால் அளப்பார்கள். வீட்டில் மஞ்சள் தடவிய தாளை நனைத்துப் பார்ப்பதில் 1 மில்லிகிராம் அளவு தெரியாது. மேலும் சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்பதால் அது தவறான முடிவையே தரும்.

அப்போ மாதிரி எப்படி எடுக்கணும், எங்க கொடுக்கணும்?

புதிய பிளாஸ்டிக் பாட்டில் ஒரு லிட்டர் போதும். கண்ணாடி பாட்டில் கூடாது. இரண்டாம் கேள்வியில் சொன்னபடி ஆய்வகக் கண்ணாடியிலேயே போரான் இருப்பதால் அது நீரில் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவவும் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி மூடுங்கள். கிணற்றின் ஆழம், தேதி, குடிக்கவா பாசனத்துக்கா என்பதைப் பாட்டிலின் மேல் எழுதுங்கள்.

குடிநீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும், பாசனம் என்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும் கேளுங்கள். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் போரான் இல்லாமல் போகலாம். "போரானும் குளோரைடும் வேண்டும்" என்று தனியாகச் சொல்லுங்கள், குளோரைடு இல்லாமல் நான்காம் கேள்வியின் கணக்கைப் போட முடியாது. ஆண்டில் இரண்டு முறை எடுப்பது நல்லது: மேட்டூர் திறப்பதற்கு முன் மே மாதத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பயறு தெளிக்கும் தை மாதத்தில் ஒன்று. இரண்டு அறிக்கைகளையும் மண்வள அட்டையோடு சேர்த்தே வைத்திருங்கள்.